ஓய்வு நாள் வேண்டாம் என்று சொன்னவன்

கல்வராயன் மலையில் எங்கள் ஊரான கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார். மலையிலேயே பிறந்து மலையிலேயே வளர்ந்த ஆளுக்கு மலையேறி எப்படி உடம்பு கெட்டது என்று ஒரே கேள்வி. டீக்கடையில் பதில் சொல்லி முடித்தால் மரவள்ளி லாரிக்காரன் கேட்கிறான். அவனுக்குச் சொல்லி முடித்தால் பள்ளிக்கூட வாத்தியார் கேட்கிறார். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதைவிடக் கேவலம், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகிக்கொண்டே வருகிறேன். அது என் காதிலேயே விழுந்த பிறகுதான், எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சியில் இன்னொரு கூட்டம் வடக்கே மலையேறப் போவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அவர்களாவது இதைப் படித்துவிட்டுப் போகட்டும். நான் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பேச்சைக் கேட்ட என் நண்பர் செல்வம் இன்னும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார்.

என் பெயர் கோவிந்தன். மலையில் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை. சனி ஞாயிறுகளில் அருவி பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் கூட்டிப்போவேன், நடக்க ஆசைப்படுகிறவர்களைக் காட்டுவழியில் நடத்திக் கூட்டிப்போவேன். செல்வம் கள்ளக்குறிச்சியில் விதைக்கடை வைத்திருப்பவர். கடையில் நான் விதை வாங்கிய பழக்கம் நட்பாகிவிட்டது. நான் அவரை மொதலாளி என்பேன், அவர் என்னை மலைக்காரரே என்பார். சர்க்கரை கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் காலையில் நடக்க ஆரம்பித்தார். அவரோடு நடக்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து பழைய நடைபாதை வழியாக மலை ஏற வந்தார்கள். வழி காட்ட நான்.

அவர்களை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் மலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிழங்கு மூட்டையோடு ஏற்றத்தில் கால் வைத்தால் உச்சி வரும்வரை உட்காரக் கூடாது. கழியை ஊன்றி நின்றபடியே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்தால் கால் செத்துவிடும், அப்புறம் எழுந்திருக்க மனசு வராது என்பார்கள். எங்கள் ஏற்றத்துக்கு அது சரியான பழக்கம்தான். அதைக் கடைக்காரர்களுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும் சட்டமாகவே போட்டு வைத்திருந்தேன். பாதியில் பாறையைப் பார்த்து உட்காரப் போகிறவரைக் கேலி பண்ணியே நடக்க வைப்பேன். செல்வம் முதல் மாதம் திணறினார், அப்புறம் பழகிக்கொண்டார். மூன்றாம் மாதம் உட்காராமல் உச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டு, கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இமயமலைக்குப் போகலாம் என்ற பேச்சை எடுத்தவர் எங்களோடு நடந்த பட்டாளத்துக்காரர். வடக்கே வேலை பார்த்தவர், இந்தி தெரியும். மேலே பனி உருகி நிற்கும் ஓர் ஏரி இருக்கிறது, ஒரு வாரம் நடந்தால் பார்த்துவிட்டு வரலாம் என்றார். செல்வத்துக்கு அந்த ஏரியின் படத்தைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. மல்லிகாதான், அவருடைய மனைவி, சர்க்கரை இருக்கிற உடம்பு என்று தயங்கினாள். அவளை நான் தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். நான் கூடப் போகிறேன் என்று தெரிந்த பிறகு சரி என்றாள். மலைக்காரர் கூட இருக்கும்போது பயம் என்ன என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்களாம். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

ஆறு பேர் போனோம். முதல் இரண்டு நாள் நடை எனக்கு விளையாட்டுப் போல இருந்தது. மற்றவர்களின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனேன். மூன்றாம் நாள் கூடாரம் போட்ட இடத்தில் மரமே இல்லை. எங்கள் கல்வராயன் மலை மாதிரி நாலைந்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம். அங்கே எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, நாளை முழுக்க இங்கேயே தங்கல், மேலே போகக் கூடாது, உடம்பு பழக வேண்டும் என்றார். பட்டாளத்துக்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

எனக்கு மத்தியானத்திலிருந்தே தலைவலி. பொட்டில் யாரோ தட்டிக்கொண்டே இருப்பது போல. வெளியே சொல்லவில்லை. தலைவலி என்று மலைக்காரன் சொல்வதா? செல்வத்துக்கும் தலைவலி. அவர் மறைக்கத் தெரியாத மனுஷன், சாப்பிட்டதை வாந்தியும் எடுத்தார். கூடாரத்துக்குள் படுத்தபடி என்னைக் கேட்டார்.

"இன்னா சொல்ற மலைக்காரரே, நாளைக்கு இருந்துட்டு போலாமா?"

"படுத்துகினே இருந்தா காலு செத்துடும் மொதலாளி. நடந்தா சரியாப்பூடும். வெயிலு இருக்குது, வானம் சுத்தமா இருக்குது, நாள வுட்டா மழ புடிச்சிக்கும்."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெளியே வந்து மற்றவர்களிடமும் அதையே சொன்னதும் வழிகாட்டி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பட்டாளத்துக்காரரும் யோசித்தார். ஆனால் மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் என் பேச்சைக் கேட்டே நடந்து பழகியவர்கள் அல்லவா. கடைசியில் ஓய்வு நாள் வேண்டாம் என்று முடிவாயிற்று. வழிகாட்டி நாங்கள் காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள், ஒரு கட்டத்துக்கு மேல் அவரால் மல்லுக்கு நிற்க முடியவில்லை.

மறுநாள் பாதி வழியில் செல்வம் குடித்தவரைப் போல நடக்க ஆரம்பித்தார். கால் ஒரு பக்கம் போனால் உடம்பு ஒரு பக்கம் போனது. களைப்பு என்று நினைத்துப் பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். உட்காரப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச தூரத்தில் அவர் என்னைப் பார்த்து, கடையைப் பூட்டிவிட்டோமா என்று கேட்டார். அப்போதுதான் பயந்துபோய் வழிகாட்டியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து செல்வத்தின் விரலில் சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கருவி அது. பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கீழே, கீழே என்று மட்டும் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் தூக்குகிறேன் என்று முதுகைக் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்கே மூச்சு நின்றுவிடும் போல ஆகி, இருமல் வந்து மண்டியிட்டேன். எச்சிலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அப்புறம் வழிகாட்டியும் எங்கள் சாமான்களை ஏற்றிவந்த கோவேறு கழுதைக்காரரும்தான் எங்கள் இருவரையும் இறக்கினார்கள். அடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றி டேராடூனுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொல்ல, பட்டாளத்துக்காரர் எனக்குச் சொன்னார். மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்காமல் ஏறினால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், சிலருக்கு மூளை வீங்கும். எனக்கு முதலாவது. செல்வத்துக்கு இரண்டும். இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது, அதைவிட நல்ல மருந்து ஏறாமல் இருப்பது. நான் விடாமல், எங்கள் ஊரே மலைதானே, நான் பிறந்ததே மலையில்தானே என்று கேட்கச் சொன்னேன். எவ்வளவு உயரம் என்று அவர் திருப்பிக் கேட்டார். பட்டாளத்துக்காரர் சொன்னதும் டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் நன்றி. அந்த உயரத்தில் காற்று மெலிவது உடம்புக்குத் தெரியவே தெரியாது, கடற்கரையில் பிறந்தவரும் நீங்களும் ஒன்றுதான் என்றார்.

இத்தனை வருடம் சமவெளிக்காரர்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேனே, அதெல்லாம் கடலூர்க்காரனுக்கும் எனக்கும் இல்லாத வித்தியாசத்தை வைத்துத்தான்.

என்னை வார்டில் போட்டார்கள். செல்வத்தை ஐ.சி.யூ.வில் வைத்துச் செயற்கை சுவாசக் கருவி பொருத்தினார்கள். மூச்சு விடுகிற வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், அந்த நேரத்தில் மூளை வீக்கம் வடிய வேண்டும், வடியுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். எனக்கும் சோதனைகள் நடந்தன. மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள், வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தது. மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்தில் ஊசியை ஆழமாக இறக்கி ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஊசியைப் போல அல்ல, எலும்பு வரைக்கும் வலிக்கும். ஒவ்வொரு முறையும் நல்லா வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வலித்தால் கணக்கு கொஞ்சம் தீர்ந்துவிடும் என்று நினைத்த மடையன் நான்.

ஒருநாள் டாக்டரம்மா தரையில் டைல்ஸ் சேரும் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன் மேலேயே நடக்கச் சொன்னார். மூளை பாதித்திருந்தால் தடுமாறுமாம். நான் தடுமாறாமல் நடந்துவிட்டேன். நடந்து முடித்ததும் ஒரு நொடி சந்தோஷம் பொங்கிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பாஸான பையனைப் போல. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

மூக்கில் குழாயோடு ஐ.சி.யூ. வாசலில் இருக்கும் இரும்பு நாற்காலிகளுக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன். வார்டில் இருக்கச் சொல்லி நர்ஸ் திட்டுவாள், கேரளத்துப் பெண், தமிழ் புரியும்படி பேசுவாள். என் சாதி என்னவென்று ஒரு விண்ணப்பத்துக்காகக் கேட்டபோது மலையாளி என்றேன், எங்கள் மலையில் எங்களுக்கு அதுதான் பெயர். அவள் முகம் மலர்ந்து எந்த ஊர் என்று மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இருவருமே சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் நினைவு வந்தது. அந்த நாட்களில் எதற்குச் சிரித்தாலும் இப்படித்தான், பின்னாலேயே தண்டனை வந்து நிற்கும்.

மல்லிகா தன் அண்ணனோடு விமானத்தில் வந்து சேர்ந்தாள். அதுதான் அவளுக்கு முதல் விமானம். நூல் புடவைக்கு மேல் செல்வத்தின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். ஐ.சி.யூ.வில் பார்க்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று சொன்னதால் முதலில் என் கட்டிலுக்கு வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து, தங்கச்சி, நான்தாம்மா அங்க தங்க வேணாம்னு சொன்னேன் என்றேன். அதை அவளுக்கு நானே சொல்ல வேண்டும் என்று அவள் வரும்வரை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"தெரியும்ண்ணே, போன்ல சொன்னாங்க" என்றாள். "இன்னா சாப்ட்டீங்க? மூஞ்சி இப்படி வத்திப்போயிக்கிது."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய் எங்கிருந்தோ சாத்துக்குடி வாங்கி வந்து சாறு பிழிந்து எனக்கும் கொடுத்தாள். தங்கியிருந்த அறையில் கஞ்சி காய்ச்சும்போது எனக்கும் சேர்த்துக் காய்ச்சினாள். என் போனுக்கு சார்ஜ் போட்டு எடுத்துவந்தாள். என் சட்டையைக்கூடத் துவைத்து நாற்காலி முதுகில் காயப்போட்டிருந்தாள். ஜீப்பை விற்றுத் தருகிறேன், ஆஸ்பத்திரி செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் அண்ணனிடம் சொன்னபோது, முதலில் நீங்கள் தேறுங்கள் என்று அவரும் பேச்சை மாற்றிவிட்டார். நடைக் கூட்டாளிகளும் அப்படியே. யாராவது ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஒருவரும் கொடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னவள் என் பெண்டாட்டி பூங்கொடி ஒருத்திதான். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று போனில் கேட்டேன். "ஒன்னாலதான்னு பேசிக்கினு கீறாங்க. நான் எதுத்துப் பேசல" என்றாள். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

என் நுரையீரல் சீக்கிரமே உலர்ந்துவிட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப்பிடித்து நல்ல உடம்பு என்று பாராட்டினார். சொன்னவன் எழுந்து நடக்கிறான், கேட்டவர் குழாய்களுக்கு நடுவில் படுத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போகாமல் அதே வாசலில் உட்கார்ந்துகொண்டேன். இப்போது நோயாளி இல்லை, கூட வந்தவன். கூட வந்தவனுக்கு என்ன வேலை? உள்ளேயிருந்து நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் பயப்படுவது. எந்தப் பெயரானாலும் சரி, அத்தனை நாற்காலிகளும் ஒன்றாக எழுந்து நிற்கும்.

செல்வத்துக்கு ஒருவழியாக இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். அவராகவே மூச்சு விட்டார், கண்ணைத் திறந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சத்தம் போட்டு அழுதேன், என்னைத்தான் எல்லோரும் தேற்ற வேண்டியதாயிற்று. அதிலும் பாருங்கள், முந்திக்கொண்டது நான்தான்.

இரண்டு நாள் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். காலில் விழுந்துவிட வேண்டும் என்ற முடிவோடு போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாக்கு குழறியது.

"மலைக்காரரே, எப்ப கெளம்புறோம்?"

விசாரித்ததில் தெரிந்தது, ஊரில் ரயில் ஏறியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். மலை இல்லை, கூடாரம் இல்லை, நான் சொன்ன சொல்லும் இல்லை. மூளை அந்தச் சமயத்தை எழுதிக்கொள்ளவே இல்லை, இனி வராது என்றார்கள். பட்டாளத்துக்காரர் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். செல்வம் யாருக்கோ நடந்ததைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, பரவால்ல வுடுங்க என்றார். எதை விடச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. மன்னிக்க வேண்டியவருக்கு நடந்ததே நினைவில் இல்லாவிட்டால், அவர் கொடுக்கிற மன்னிப்பை நான் எந்தப் பையில் போட்டுக்கொள்வது?

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிவந்த பிறகு அங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி நடக்கிறது, அதாவது கைகால்களுக்குத் திரும்பவும் வேலை கற்றுக்கொடுக்கிற பயிற்சி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலதுகால் இன்னும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. பேச்சு தேறிவருகிறது. விதைப் பைகளின் பெயர்கள் சில மறந்துவிட்டன. காலப்போக்கில் பெரும்பாலும் சரியாகும், முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்கிறார் அங்கிருக்கும் டாக்டர். கடையை மல்லிகா பார்த்துக்கொள்கிறாள்.

நான் தவறாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். பலாப்பழமோ தேனோ புளியோ கொண்டுபோவேன். மல்லிகா எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, வாங்கி உள்ளே வைத்துவிட்டு அண்ணி எப்படி இருக்கிறார் என்று பூங்கொடியைப் பற்றி விசாரிப்பாள். போன வாரம் நான் போனபோது செல்வம் ஆஸ்பத்திரிக்குள்ளே பயிற்சியில் இருந்தார். ஒரு தடவை கம்பியை விட்டுவிட்டு விழப்போனதை ஜன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்தோம். எனக்குத் தாங்கவில்லை. வராந்தாவில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கையைக் கூப்பினேன்.

"தங்கச்சி, ஒரு வார்த்த திட்டிடும்மா. வாயில வந்தத திட்டு. காறித் துப்பு. இப்படி நல்லவிதமா பேசிக்கினே இருந்தா நான் செத்துடுவேன்."

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திட்டிட்டா உங்களுக்கு ஆறிப்பூடும்ண்ணே. எனக்கு ஆறாது. அதான் திட்டல."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். அப்புறம் உள்ளே போய்ப் புருஷனின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டு வந்தாள். மலைக்குப் போகிற பஸ் கிளம்பிவிடும், நேரமாகிறது என்று என்னைக் கிளப்பினாள். கையில் ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே எனக்கும் பூங்கொடிக்கும் சோறு, குழம்பு, பொரியல் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

பஸ் மலையடிவாரத்துக் கோமுகி அணையைத் தாண்டும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். வெளியே எறிந்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. எறிந்திருந்தால் அதுவும் எனக்கு நானே செய்துகொண்ட சலுகையாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் பூங்கொடியின் பங்கைப் பிரித்து வைத்துவிட்டு, என் பங்கை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். உப்பு, காரம், புளி எல்லாம் எனக்குப் பிடித்த மாதிரியே பார்த்துப் போட்டிருந்தாள்.